உபயம் எழுதாத அறை

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் என்னைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் எல்லோரும் அந்த வார்த்தையில்தான் ஆரம்பிக்கிறார்கள். பூமாதேவி மாதிரிப் பொறுமை, தெய்வப் பிறவி, நம்மால் அந்தப் பிள்ளைகளோடு ஒரு நாள் இருக்க முடியுமா என்றெல்லாம் பேசிவிட்டு, ஒரு சால்வையைப் போர்த்திவிட்டு, மறுநாள் அந்தப் பிள்ளைகள் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்பார்கள். குக்கர் விசில் தாமதமானால் அடுப்பைத் திட்டுகிறவள் நான். பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போட்டவரோடு கம்பம் வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே போயிருக்கிறேன். என்னிடம் இருப்பது வீம்பு. ஒரு பிள்ளை இன்றைக்கு ஸ்பூனைப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்க வைக்காமல் விடுவதில்லை என்கிற வீம்பு. அதைப் பொறுமை என்று தப்பாகப் புரிந்துகொண்டதால்தான் என்னைப் பிரின்சிபால் ஆக்கினார்கள்.

தேனியிலிருந்து கம்பம் போகிற சாலையில், ஒரு பஜாரை ஒட்டி இருக்கிறது எங்கள் பள்ளிக்கூடம். ஊர் வியாபாரிகள் சேர்ந்து நடத்துவது. ஏலக்காய் மண்டி வைத்திருப்பவர்கள், ஜவுளிக்கடைக்காரர்கள், இரும்புக்கடைக்காரர்கள், இந்துக்களும் கிறிஸ்தவர்களும் கலந்த கமிட்டி. கல்லாவில் உட்கார்ந்து பழகியவர்கள் என்பதால் எதையும் நறுக்கென்று பேசுவார்கள். பேர் எழுதுகிற விஷயத்தில் மட்டும் அந்தச் சிக்கனம் கிடையாது. மின்விசிறி, ட்யூப் லைட், பெஞ்சு, தண்ணீர்த் தொட்டி, கொடிக்கம்பம் என்று எதைத் தொட்டாலும் அதில் உபயம் என்று போட்டு ஒரு பேர் இருக்கும். கிறிஸ்தவக் குடும்பங்கள் என்றால் தேவ நாம மகிமைக்காக என்று மேலே எழுதி, அந்த மகிமையைவிடப் பெரிய எழுத்தில் கீழே தங்கள் பேரை எழுதுவார்கள். ஆசிரியர்களின் கழிப்பறைக் கதவில்கூட யாரோ ஒரு மளிகைக்கடைத் தாத்தா இருக்கிறார்.

இதில் ஒரு சட்டமும் உண்டு. நான் வேலைக்கு வருவதற்கு முன்னால், ஒரு குடும்பம் தங்கள் தகப்பனார் பேரில் வாங்கிக் கொடுத்த பெஞ்சை யாரோ சைக்கிள் ஷெட்டுக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஆண்டு விழாவுக்கு வந்த அந்தக் குடும்பம் அதைப் பார்த்துவிட்டது. பிறகு பஜாரில் இரண்டு கடைகள் ஒருவருக்கொருவர் பத்திரிகை வைக்காத அளவுக்குப் பகை. அதற்குப் பரிகாரமாகக் கமிட்டி ஒரு தீர்மானம் போட்டது. உபயம் எழுதின பொருளைக் கொடுத்தவர் சம்மதம் இல்லாமல் வைத்த இடத்தைவிட்டு அசைக்கக் கூடாது. வருஷா வருஷம் பொதுக்குழுவில் இதைப் பயபக்தியோடு வாசிப்பார்கள். பரீட்சை விதிகள்கூட எங்கள் பள்ளியில் அவ்வளவு கண்டிப்பாக இல்லை.

பேர் இல்லாத அறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட, எங்கள் சிறப்புப் பிரிவு அறை. வந்த புதிதில் யாரோ எழுத மறந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். ஒரு கோடை விடுமுறையில் ஜவுளிக்கடைக் குடும்பம் ஒன்று அந்த அறைக்கு வெள்ளையடித்துக் கொடுத்தது. மேஜை நாற்காலியும் வந்தது. பெயிண்டர் பிரஷ்ஷோடு நிற்கிறாரே, என்ன பேர் எழுத என்று கேட்டேன். அந்த வீட்டம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் போனார்.

"பேரு வேணாம் டீச்சர். வீட்டுல பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கிது. அந்த ரூம்புல எங்க பேரப் பாத்தா, நம்ம வீட்டுலயும் அப்படி ஒரு பிள்ள இருக்குமோன்னு கேப்பாக."

நல்ல மனுஷிதான். அதற்குப் பிறகும் பல உதவிகள் செய்திருக்கிறார், எல்லாம் பேர் இல்லாமல். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

நான் இந்தப் படிப்புக்கு வந்ததில் தியாகம் ஒன்றும் இல்லை. சாதாரண பி.எட்.டுக்கு எழுதிப் போட்டேன், சீட் கிடைக்கவில்லை. மதுரையில் ஸ்பெஷல் பி.எட்.டுக்கு இடம் இருந்தது, சேர்ந்தேன். முதல் வாரமே ஒரு பிள்ளை என் முழங்கையைக் கடித்துவிட்டது. கையை வெடுக்கென்று இழுத்தால் சதை பிய்ந்துவிடும், கடிக்கிற பக்கமே கொஞ்சம் தள்ளிக் கொடுத்தால் வாய் தானாகத் திறந்துவிடும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். வாழ்க்கையில் நான் படித்ததிலேயே உருப்படியான பாடம் அதுதான். கோபமாக வருகிற அப்பாக்களிடமும் அதையே செய்திருக்கிறேன். அவர் கத்துகிற திசையிலேயே ஓர் அடி எடுத்து வைத்தால் பாதிப் பேர் உட்கார்ந்துவிடுவார்கள்.

பள்ளியில் என்னை "அந்த ரூம் டீச்சர்" என்பார்கள். ஸ்பெஷல் பி.எட். எல்லாம் பி.எட்.டில் சேர்த்தியா என்று ஸ்டாஃப் ரூமில் என் காதுபடக் கேட்பார்கள். வருகிற விருந்தாளிகள் எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு மெழுகுவர்த்தி செய்யச் சொல்லிக்கொடுங்கள், காகிதக் கவர் ஒட்டச் சொல்லுங்கள், பினாயில் தயாரிக்கச் சொல்லுங்கள். உலகத்தில் வேறு வேலையே இல்லாத மாதிரி. யாரோ கொடுத்த மெழுகுவர்த்தி அச்சைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டு, பிள்ளைகளைப் பஜாருக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் கூட்டிக்கொண்டு போனேன். கடையில் கேட்டு வாங்கவும், சரியான பஸ்ஸில் ஏறவும், தெரியாதவர் கையைப் பிடித்தால் உதறவும் கற்றுக்கொண்டார்கள். மெழுகுவர்த்தியை வாங்கிக்கொள்ளலாம்.

மேலே வந்தது எப்படி என்று இப்போது பயிற்சி வகுப்புகளில் இளம் ஆசிரியைகள் கேட்கிறார்கள். யாரும் கைதூக்கி விடவில்லை. மற்றவர்கள் வேண்டாம் என்று தள்ளிய வேலை எல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைகளை எட்டாம் வகுப்பிலிருந்து "கொஞ்சம் பாருங்க மிஸ்" என்று அனுப்பினார்கள். பார்த்தேன். அவர்களில் பாதிப் பேருக்குக் குறை ஒன்றும் இல்லை. கேள்வி கேட்டுவிட்டு யாரும் பதிலுக்கு நிற்கவில்லை, அதுதான் குறை. பரீட்சை எழுத ஆள் வைத்துக்கொள்ள அனுமதி வாங்குவது, அடையாள அட்டை முகாமுக்குத் தேனிக்குக் கூட்டிப்போவது, முரண்டு பிடிக்கிற பெற்றோரைச் சமாளிப்பது, கால அட்டவணை போடுவது என்று ஒவ்வொன்றாக என் தலையில் விழுந்தது. தபாலில் ஆங்கிலம் எம்.ஏ. முடித்தேன். ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன் என்று நானே போய்க் கேட்டு மெயின் கட்டடத்துக்குள் நுழைந்தேன். நான் உள்ளே போனால் என் பிள்ளைகளில் ஒருத்தரையாவது கையோடு கூட்டிப்போகலாம் என்கிற கணக்கு அதில் இருந்தது.

இப்படி இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய பிறகு பழைய பிரின்சிபால் ஓய்வு பெற்றார். கமிட்டி இரண்டாகப் பிரிந்து நின்றது. ஒரு கோஷ்டிக்குச் சீனியர் கணக்கு சார் வேண்டும், இன்னொன்றுக்கு வெளியிலிருந்து தங்கள் உறவுக்காரம்மா வேண்டும். கோடை முழுக்க இழுபறி. கடைசியில் யாருக்கும் பிடித்தமில்லாத ஆள், அதனாலேயே யாருக்கும் ஆட்சேபம் இல்லாத ஆள் என்று என்னைப் பிடித்தார்கள். செயலாளர், ஏலக்காய் மண்டிக்காரர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், அதை என் முகத்துக்கு நேராகப் பாராட்டாகவே சொன்னார். வாய் திறக்க மாட்டீர்கள், பொறுமைசாலி, ஒரு வருஷம் பார்ப்போம் என்றார். சரி அண்ணாச்சி என்றேன்.

பிரின்சிபால் நாற்காலியில் உட்கார்ந்த அன்றைக்கே பின்வாசலைப் பூட்டினேன். அதுவரைக்கும் என் பிள்ளைகள் கடைசி மணிக்கு முன்னாலேயே, பின்சந்து வழியாக வீட்டுக்குப் போவார்கள். கூட்டத்தில் நசுங்கிவிடக் கூடாது என்று காரணம் சொல்வார்கள். முன்வாசலில் காத்திருக்கும் மற்றப் பெற்றோரின் கண்ணில் படக் கூடாது என்பதுதான் உண்மை. ஒரே மணி, ஒரே வாசல் என்று சொல்லிவிட்டேன். முதல் வாரம் முன்வாசலில் கொஞ்சம் நெரிசல். இரண்டாம் வாரம் வழிவிடப் பழகிக்கொண்டார்கள். பிள்ளைகள் சீக்கிரம் பழகிக்கொண்டார்கள், ஸ்கூட்டியில் உட்கார்ந்திருந்த அம்மாக்களுக்குத்தான் நாளானது.

அந்த மாதமே செயலாளர் வந்தார். கையில் கட்டட வரைபடம். பைபாஸ் பக்கத்தில் கமிட்டிக்குச் சொந்தமாக இடம் இருக்கிறது. அங்கே சிறப்புப் பிரிவுக்குத் தனிக் கட்டடம், சறுக்குப் பாதை, தோட்டம், தனி வேன். பழைய அறையை இடித்துவிட்டு அந்த இடத்தில் கலையரங்கம். அதற்கு உபயதாரரும் தயார்.

"அந்தப் பிள்ளைகளுக்கு அங்கன நல்ல காத்து, நல்ல எடம். இங்கன கெடந்து எதுக்குச் சங்கடப்படணும்?" என்றார்.

யார் சங்கடப்படுகிறார்கள் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு வெற்றி கிடைத்துவிட்டது என்றே நினைத்தார்கள். இருபது வருஷம் தொட்டிக்குப் பின்னால் கிடந்தீர்களே, இப்போது புதுக் கட்டடமே வருகிறது என்று ஒரு மிஸ் ஸ்வீட் கேட்டார்.

பைபாஸில் என்ன இருக்காது என்பது எனக்குத் தெரியும். மற்றப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். எங்களிடம் ஒரு பெண் இருந்தாள். மூளை முடக்குவாதம். கை கால் சொன்னபடி கேட்காது, பேச்சு வராது, ஆனால் யார் பொய் சொன்னாலும் கண்டுபிடித்துச் சிரிப்பாள். பாதி நாள் எங்கள் அறையில், பாதி நாள் ஏழாம் வகுப்பில் இருப்பாள். ஏழாம் வகுப்பில் பக்கத்துப் பெண் ஒருத்தி அவளுக்குப் பக்கம் திருப்பிவிடுவாள். யாரும் சொல்லி அவள் செய்யவில்லை. பதிலுக்கு இவள் கணக்கில் தப்பான விடையைப் பார்த்தால் மேஜையில் தட்டுவாள். வகுப்பில் அது ஒரு வசதியாகவே ஆகிவிட்டது.

அவள் அம்மா மேகமலையில் தேயிலை எடுத்தவர். எஸ்டேட் லைன் வீட்டில் பிள்ளையை மற்றவர்கள் பொறுப்பில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில், சின்னமனூர் பஸ்ஸில், மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு எங்களிடம் வந்து பார்த்துவிட்டுப் போனார். அடுத்த மாதமே எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு எங்கள் ஊரில் ஒற்றை அறை பிடித்துக் குடிவந்தார். ஏலக்காய் ஸ்டோர் ஒன்றில் காய் பொறுக்குகிற வேலைக்குச் சேர்ந்தார். மகள் நாலு பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்பதற்காகவே மலையிறங்கிய மனுஷி. பைபாஸ் விஷயம் அவர் காதுக்கும் போய்ச் சேர்ந்தது.

"மலையில அவளுக்குச் சுத்தியும் காத்துத்தான் டீச்சர் இருந்துச்சு," என்றார். "ஆளுதான் இல்ல."

மறுவாரம் ஒரு சுவர் மின்விசிறியோடு வந்தார். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் வெக்கை மகளுக்கு ஆகவில்லை என்று தெரிந்து, சீட்டுப் பணம் எடுத்து வாங்கியிருந்தார். அன்றைக்கு மெயின் கட்டடத்தில் பெயிண்டர் ஏதோ பேர் எழுதிக்கொண்டிருந்தார். பழக்க தோஷத்தில் அந்த அம்மாவிடமும் கேட்டேன், பேர் எழுதணுமா என்று. எழுதலாமா என்று திருப்பிக் கேட்டார். ஏன் எழுதக் கூடாது என்றேன். யார் பேரை என்று பெயிண்டர் கேட்டார்.

"எம் மக பேர எழுதுங்க. எம் பேரு எதுக்கு?"

எழுதினார். உபயம், அதற்குக் கீழே அந்தப் பெண்ணின் பேர், சிவப்பு எழுத்தில். விசிறியைச் சுவரில் மாட்டி ஓடவிட்டோம். பேரைக் காட்டினோம், தன் பேர் எழுத்தில் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் எனக்குப் பொதுக்குழுத் தீர்மானம் ஞாபகத்துக்கு வந்தது. உபயம் எழுதின பொருளை அசைக்கக் கூடாது. நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்து பெயிண்டர் பயந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே சிறப்புப் பிரிவுப் பெற்றோர் எல்லோருக்கும் சொல்லி அனுப்பினேன். ஆளுக்கொரு பொருள், எது வேண்டுமானாலும், சுவரிலோ தரையிலோ பொருத்துகிற மாதிரி. ஒருத்தர் கண்ணாடி கொண்டுவந்தார். வடுகபட்டியில் பூண்டு வியாபாரம் செய்கிற ஓர் அப்பா சுவர்க் கடிகாரம் கொடுத்தார். வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர் பிள்ளைகள் பிடித்து நடக்கக் கம்பி அடித்துக் கொடுத்தார். அலமாரி, கரும்பலகை, பைமாட்டும் கொக்கி, கதவுத் தாழ்ப்பாள், வேறு ஒன்றும் வாங்க வசதியில்லாத ஒரு பாட்டி கொடுத்த ஒரு ஜன்னல் திரை. ஒவ்வொன்றிலும் உபயம், ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பேர். சிலர் முதலில் தயங்கினார்கள். ஊர் பார்க்குமே என்றார்கள். பார்க்கட்டும், அதற்குத்தானே எழுதுகிறோம் என்றேன். கடைசியில் எங்கள் அறையில் பேர் இல்லாத இடமே இல்லாமல் போனது. மெயின் கட்டடத்துத் தாத்தாக்கள் எல்லாம் தோற்றார்கள்.

அறையை இடிப்பதற்கு அளவெடுக்க ஆளைக் கூட்டிக்கொண்டு செயலாளர் வந்தார். கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தவர் அதில் இருந்த எழுத்தைப் படித்தார். பிறகு உள்ளே வந்து கம்பி, கண்ணாடி, கடிகாரம், விசிறி என்று எல்லாவற்றையும் படித்தார். என்னைப் பார்க்காமலேயே வெளியே போய்விட்டார். மறுநாள் கமிட்டிக் கூட்டம் என்று ஆள் வந்து சொன்னார்.

கூட்டத்துக்குப் போகும்போது என் மேஜை டிராயரைக் காலிசெய்து பையில் போட்டுக்கொண்டுதான் போனேன். பயம் இல்லை என்று சொன்னால் அது பொய். வேலை போனால் வேறு பள்ளிக்கூடம் கிடைக்கும், எனக்கு. அந்தப் பெண்ணுக்கு வேறு ஏழாம் வகுப்பு கிடைக்காது. நீள மேஜையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர், அந்தப் பொருள்களை எல்லாம் கழற்றி அந்தந்த வீட்டில் சேர்த்துவிடச் சொன்னார். எனக்கு உத்தரவு போடுகிற குரலில்தான் சொன்னார். நான் தீர்மானத்தைச் சொன்னேன், வருஷா வருஷம் வாசித்ததைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகியிருந்தது. அது உபயதாரர்களுக்குப் போட்ட தீர்மானம் என்றார் அவர். இவர்களும் உபயதாரர்கள்தான் என்றேன். ஒரு திரையும் தாழ்ப்பாளும் உபயமா என்று ஒருவர் சிரித்தார்.

"அந்தத் தீர்மானத்துல பெரிய உபயம் சின்ன உபயம்னு எங்கயாவது இருக்கா அண்ணாச்சி?"

இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் தீர்மானத்தையே திருத்திவிடலாம் என்றார் செயலாளர். நான் எதிர்பார்த்தது இதைத்தான். கையை இழுத்துக்கொள்ளாமல் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கொடுத்தேன்.

"தாராளமாத் திருத்துங்க. திருத்தின மறுநாளு நான் முன்வாசல் கல்வெட்டப் பேத்துச் சைக்கிள் ஷெட்டுல வைப்பேன். அதுல உங்க ஐயா பேரு இருக்கு. பிரின்சிபாலுக்கு அந்த அதிகாரம் வந்துரும்ல?"

மேஜையைச் சுற்றி ஒவ்வொருவரும் மனசுக்குள் தங்கள் தாத்தா எங்கே இருக்கிறார், எந்த விசிறியில், எந்தப் பெஞ்சில் என்று தேடிக்கொண்டிருந்தார்கள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. செயலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. உங்களைப் பொறுமைசாலி என்று நம்பித்தான் இந்த நாற்காலியில் உட்கார வைத்தோம் என்றார். அதற்கு நான் பொறுப்பில்லை, நீங்கள் ஆளைத் தப்பாக எடை போட்டுவிட்டீர்கள் என்றேன். எடை விஷயத்தில் ஒரு மண்டிக்காரரைக் குறை சொன்னது அவரை இன்னும் சுட்டிருக்க வேண்டும்.

"வேலையை விட்டு அனுப்புறதுன்னா இப்பவே அனுப்புங்க," என்று எழுந்தேன். "அந்த ஃபேன் அங்கனயேதான் சுத்தும்."

அனுப்பவில்லை. திருத்தவும் இல்லை. பிறகு பார்க்கலாம் என்று கூட்டத்தை முடித்தார்கள், அந்தப் பிறகு இன்றுவரை வரவில்லை. பைபாஸ் இடத்தில் இப்போது வாழைத்தார் லாரிகள் நிற்கின்றன. செயலாளர் என்னோடு அளவாகப் பேசுகிறார், சால்வை போர்த்துவதில்லை. எனக்கு அது மிச்சம்.

கூட்டம் முடிந்த மறுவாரம், மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை முடிந்த நேரத்தில், கமிட்டியில் இருந்த ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்தார். பெயிண்ட், இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர், கிறிஸ்தவர். கூட்டங்களில் மேஜைக் கடைசியில் உட்காருவார், பேசி நான் கேட்டதில்லை. பள்ளியில் எழுதியிருக்கிற அத்தனை பேரும் அவர் கடைப் பெயிண்டில் எழுதியதுதான். அந்த ரூமைப் பார்க்கலாமா என்று கேட்டார். கூட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு பேராகப் படித்தார். மின்விசிறிக்குக் கீழே அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வெளியே வந்து தொட்டிப் பக்கம் நின்றார்.

"இங்கன படிக்காத பிள்ள பேர எழுதலாமா?" என்று கேட்டார்.

யார் பேர் என்றேன். மகள் என்றார். அவருக்கு இரண்டு மகன்கள் என்றுதான் பஜாருக்குத் தெரியும். இரண்டு கல்யாணத்துக்கும் நான் போயிருக்கிறேன், பத்திரிகையில் மாமா அத்தை பேரன் பேத்தி என்று ஒரு பக்கம் நிறையப் பேர் இருந்தது. மகள் என்று ஒரு பேர் இல்லை. கடைக்கு மேல் மாடியில் இருந்தாளாம். இந்தப் பிள்ளை மாதிரியேதான் இருப்பாள், கழுத்தை இப்படித்தான் சாய்ப்பாள் என்றார். போன வருஷம் இறந்துவிட்டாள். மருமகள்கள் வீட்டு ஆட்களுக்குக்கூடச் சொல்லவில்லை, அடக்கத்தை வீட்டோடு முடித்துவிட்டோம் என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கடைக்கும் எங்கள் அறைக்கும் நடுவில் ஒரு தெருதான். நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடைவீதியில் நடந்தபோதெல்லாம் அவர் கல்லாவில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். மேலே அவள் இருந்திருக்கிறாள்.

"ஏன் கூட்டிட்டு வரல? ஒரு தெரு தாண்டணும், அவ்வளவுதான?"

"பின்வாசல் வழியாத்தான் வரணும்னாக. அதுக்கு வீட்டுலயே இருக்கட்டும்னு நெனச்சிட்டேன்," என்றார். பிறகு, "அதுவும் பொய்தான். ஊருக்குத் தெரிஞ்சிரும்னு பயந்தேன்," என்றார்.

நான் ஆறுதல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரே நம்பியிருக்க மாட்டார். அறைக்கு ஒரு புதுக் கதவு போட்டுத் தருகிறேன், அதன் உள்பக்கம், கீழே, சின்ன எழுத்தில் பேரை எழுதினால் போதும் என்றார். கதவு வேண்டாம், பெயிண்ட் கொடுங்கள் என்றேன். அறையின் வெளிச்சுவர் மைதானத்தைப் பார்த்து வெறுமையாக இருந்தது. தினமும் காலையில் ப்ரேயருக்கு மொத்தப் பள்ளிக்கூடமும் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் நிற்கும்.

சுவர் முழுக்க அவர் கடையிலிருந்து வந்த நீல நிறத்தை அடித்தோம். காய்ந்த பிறகு பெயிண்டர் ஏணியில் ஏறினார். பெரியவரும் வந்திருந்தார், வெள்ளை வேட்டியில், கோயிலுக்குப் போகிறவர் மாதிரி. எவ்வளவு பெரிய எழுத்து என்று மேலேயிருந்து கேட்டார் பெயிண்டர். கடைசி வரிசையில் நிற்கிற பிள்ளைக்குத் தெரிய வேண்டும் என்றேன். என்ன பேர் என்று பெயிண்டர் கேட்டார். பெரியவர் சொன்னார், எனக்கே கேட்கவில்லை. பெயிண்டர் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சி," என்றேன்.

சொன்னார். மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தார்கள்.